விட்டுப்போன கடைசிப் பத்தி

பீளமேடு, கோயமுத்தூர்
14-9-1958

அன்புள்ள சபுராவுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ இதைக் கிழித்துப் போடாமல் படிக்கிறாய் என்று வைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வருகிறது. கோட்டைமேட்டில் உன் அம்மாவிடம் ஆள் அனுப்பி விலாசம் வாங்கினேன். நீ சென்னையில் ஒரு மருத்துவ நூலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்களாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். சும்மா நலம் விசாரிக்க எழுதுவதாகப் பொய் சொல்லத் தெம்பில்லை.

என் தம்பி திருமூர்த்தி போய்விட்டான். ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனவன், ஒரு குதிரையில் ஏறிப் பார்க்கிறேன் என்று விழுந்து, வலது தோள்மூட்டு நழுவிவிட்டது. வலியோடு சிரித்துக்கொண்டுதான் வந்து இறங்கினான். பெரிய மாமா, "அஞ்சு நிமிஷ வேலை. புதுசா ஒரு ஊசி வந்திருக்கு. ஒடம்பு தளர்ந்துக்கும், மூட்டைத் தள்ளிப் போட்டாத் தீந்துது" என்றார். மூட்டு சரியாகத்தான் உட்கார்ந்தது. தம்பி மூச்சு விடவில்லை. இருபது வயது.

எங்கள் வீட்டு உறவுமுறை உனக்கு எப்போதும் குழப்பம். அம்மாவின் அண்ணன்தான் பெரிய மாமா, டாக்டர் சீனிவாசலு. அம்மாவின் தம்பி நரசிம்மலுவுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். தாய்மாமனைக் கட்டுவது தெலுங்கு பேசும் எங்களவர்களில் புதிதல்ல. சின்ன மாமா என்று கூப்பிட்டு வளர்ந்த வாய் இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறது. அப்பா இறந்தபின் அம்மாவும் இங்கே வந்துவிட்டாள். கீழே பெரிய மாமாவின் ஆஸ்பத்திரி, மேலே நாங்கள். ஆபரேஷன் அறைக்கு நேர் மேலே என் அறை.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். முதல் குழந்தை வெளியே வர வழியில்லாமல் வயிற்றிலேயே போனது உனக்குத் தெரியாது. அதனால் இதை ஜனவரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டுமாம். அதே அறை, அதே மேஜை, அதே ஊசி. தம்பி ஏன் செத்தான் என்று கேட்டால், அவன் ஆயுசு அவ்வளவுதான் என்கிறார்கள். அந்த மேஜையில் படுப்பதற்கு முன்னால் எனக்குக் காரணம் தெரிய வேண்டும். உங்கள் புத்தகங்களில் இருந்தால் தேடிச் சொல்.

பதிலைத் தமிழில் எழுது. இந்த வீட்டில் இங்கிலீஷ் தபால் யார் பெயருக்கு வந்தாலும் பெரிய மாமா மேஜைக்குத்தான் முதலில் போகும். தமிழ்க் கடிதத்தை யாரும் மதித்துப் பிரிப்பதில்லை.

கனகம்

திருவல்லிக்கேணி
19-9-1958

கனகம்,

கிழித்துப் போடத்தான் எடுத்தேன். இரண்டு பேருமாகச் சென்னைக்குப் படிக்கப் போவதென்று விண்ணப்பம் எழுதினோம். நான் ஸ்டேஷனில் பெட்டியோடு உனக்காக நின்றேன். நீ அன்றைக்கு மணவறையில் உட்கார்ந்திருந்தாய். இந்தத் தகவலை எனக்குச் சொன்னது ரயிலில் பார்த்த நம் ஊர்ச் சிநேகிதி ஒருத்தி. ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. மீதித் திட்டை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

திரு போய்விட்டான் என்ற வரிக்கு அப்புறம் கோபம் நிற்கவில்லை. நம் புத்தகப் பைகளைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, "சபுராக்கா, கூலி குடு" என்று கேட்பானே. இங்கே நான் தங்கியிருக்கும் சின்னம்மா வீட்டில் நான் அழுததைப் பார்த்து, யாரோ ஒரு மாப்பிள்ளை என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். இங்கே ஒரு சுவர் முழுக்க அட்டவணைப் புத்தகங்கள். உலகத்தில் எந்த மருத்துவப் பத்திரிகையில் எந்த டாக்டர் என்ன எழுதினாலும், தலைப்பு வாரியாகத் தொகுத்து அமெரிக்காவில் அச்சடித்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். தலைப்பு தெரிந்தால் ஐந்து நிமிஷ வேலை, தெரியாவிட்டால் ஐந்து மாதம். ஊசி போட்டார், செத்தான் என்றொரு தலைப்பு கிடையாது. மயக்க மருந்து, மரணம் என்று பார்த்தேன். நானூறு சொச்சம் வந்தது. எனக்கு ஊசியின் பெயர் வேண்டும். ஊசிக்கு அப்புறம் என்னென்ன செய்தார்கள், எத்தனை நேரம் என்பதும் வேண்டும். உன் பெரிய மாமாவைக் கேட்காதே. யார் தரையைக் கழுவினார்களோ அவர்களைக் கேள்.

சபுரா

பீளமேடு
2-10-1958

அன்புள்ள சபுரா,

நீ சொன்னது சரி. மாசாணத்தைப் பிடித்தேன். கீழே ஊசிகளைக் கொதிக்க வைப்பதும் தரை கழுவுவதும் அவர்தான். இந்தக் கடிதங்களைத் தபாலில் சேர்ப்பதும் அவர்தான். கேட்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன்னு ஐயாகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. மூட்டு உக்காந்துருச்சுங்க. தம்பிதான் மூச்சே உடலீங்க. மூஞ்சில மூடியை வெச்சு ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் குடுக்கோணும்னாருங்க. நர்சம்மா அன்னைக்கு லீவுங்க. சின்னய்யாதான் அமுக்குனாருங்க. அரை மணிக்கு மேலயே அமுக்கிட்டிருந்தாருங்க. அப்பறம் ஐயா நாடியப் புடிச்சுப் பாத்துப்போட்டு, நின்னுபோச்சு, போதும் உடுன்னாருங்க. சின்னய்யா உடலீங்க. ஐயாதான் கையப் புடிச்சு எடுத்து உட்டாருங்க."

சின்ன மாமா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து இலை முன்னால் உட்கார்ந்தால் சோற்றைப் பிசையாமல் விரல்களை மூடித் திறந்துகொண்டிருக்கிறார். என்னவென்று கேட்டால் கையை மடியில் மறைத்துக்கொள்கிறார். இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததைச் சொல்லவும் முடியவில்லை.

மருந்தின் காலி அட்டைப்பெட்டியை மாசாணம் கொண்டுவந்து கொடுத்தார். சக்சினைல்கோலின் என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இங்கிலீஷிலும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சீக்கிரம் தேடு. கீழே ஆபரேஷன் நடந்தால் ஈதர் மயக்க மருந்தின் நெடி படியேறி என் அறைக்குத்தான் வருகிறது. வாசலுக்குப் போகவும் பெரிய மாமாவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம், "ஒடம்பு எப்படியிருக்கு கண்ணு?" என்று அன்பாகத்தான் கேட்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கனகம்

திருவல்லிக்கேணி
21-10-1958

அன்புள்ள கனகம்,

கிடைத்துவிட்டது. முதலில் ஊசியின் பெயரில் தேடினேன். நூற்றுக்கு மேல் கட்டுரைகள், எல்லாம் ஒரே புகழ்ச்சி. மூன்று நிமிஷத்தில் தெளிந்துவிடுமாம், டாக்டர்களுக்கு வரப்பிரசாதமாம். ஒரு வாரம் அந்தப் புகழ்ச்சியைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. எந்த டாக்டரும் தன் கட்டுரைக்குச் செத்துப்போனார் என்று தலைப்பு வைக்க மாட்டார். மூச்சு திரும்பத் தாமதம் என்று கௌரவமாக வைப்பார். அந்தத் தலைப்பில் போனால், அடியில் பொடி எழுத்தில் 'இதையும் பார்க்க' என்று வேறொரு பெயர். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். லண்டன் பத்திரிகை ஒன்றில் 1956-ல் வந்த கட்டுரை. அந்த வருஷத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்தது. பைண்டரிடம் நடையாய் நடந்து, தைக்காத தாள்களாகவே வாங்கிப் படித்தேன்.

விஷயம் இதுதான். நம் இரத்தத்தில் ஒரு சத்து இருக்கிறது. இந்த ஊசி மருந்தை அது கரைத்துவிடும். அதனால்தான் மூன்று நிமிஷத்தில் தெளிகிறது. சில பேருக்குப் பிறவியிலேயே அந்தச் சத்து மிகவும் குறைவு. மற்றபடி ஒரு கோளாறும் இருக்காது. இந்த ஊசி படாதவரை ஆயுசு முழுக்கத் தெரியவே தெரியாது. பட்டால் மருந்து கரையாது, மூச்சு விடுகிற தசை அசையாது. இது குடும்பத்தில் வருவது. ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவருக்கும் இருக்கலாம். உன் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்பதையும் நினைத்துக்கொள்.

யாரும் தப்புச் செய்யவில்லை கனகம். இரத்தம் செய்தது. பத்திரிகையின் பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். பெரிய மாமாவிடம் கொடு.

சபுரா

பீளமேடு
3-11-1958

அன்புள்ள சபுரா,

உன் கடிதத்தைச் சின்ன மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இரத்தம் செய்தது என்ற வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அம்மாகூடப் பார்த்தாள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

சீட்டைப் பெரிய மாமாவிடம் கொடுக்கவில்லை. எதற்காகத் தேடினாய், என்னைச் சந்தேகப்பட்டாயா என்று கேட்பார். அவர் வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன பதில் சொல்வது? எனக்கு வேறு மருந்து போடுங்கள் என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். "டாக்டருக்கே வைத்தியம் சொல்லித் தர்றியா அம்மணி?" என்று சிரித்தார்.

கொடுத்துத்தான் என்ன ஆகப் போகிறது? இரத்தத்தில் இல்லாததை யார் கொண்டுவந்து ஊற்ற முடியும்? எனக்கும் தம்பி மாதிரிதான் என்றால் அப்படித்தான். குழந்தை நல்லபடியாக வந்துவிட்டால் அம்மா வளர்த்துக்கொள்வாள். அவளுக்குக் கை நிறைய வேலை இருக்கும். காரணம் தெரிந்துகொண்டு போகிறேன், அதற்காவது நீ கிடைத்தாய்.

கனகம்

திருவல்லிக்கேணி
8-11-1958

கனகம்,

நான் ஒரு பத்தியை விட்டுவிட்டேன்.

கட்டுரையின் கடைசிப் பத்தி. மறதியால் அல்ல. சின்ன மாமா அரை மணிக்கு மேல் பையை அமுக்கினார் என்று நீ எழுதியிருந்தாய். விரல்களை மூடித் திறக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு இந்தப் பத்தியைத் தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான்கு தரம் எழுதி நான்கு தரமும் கிழித்தேன். இதோ அது:

"இத்தகையவர்களுக்கு வேறு மருந்து தேவையில்லை. வெளியிலிருந்து மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். மருந்து தானாகக் கழியும், மூச்சு தானாகத் திரும்பும். நாங்கள் கண்டவர்கள் அனைவரும் பிழைத்தார்கள்."

அமுக்குவதை நிறுத்தாமல் இருந்திருந்தால் திரு பிழைத்திருப்பான். நீயும் பிழைக்கலாம். இரத்தத்தில் எதையும் ஊற்ற வேண்டாம். ஊசியைப் போடாமல் இருந்தாலே போதும், தவறிப் போட்டுவிட்டாலும் பையை விடாமல் இருந்தால் போதும். இரத்தத்தைச் சோதித்துச் சொல்ல இங்கே ஆய்வுக்கூடமும் இருக்கிறது. உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். உன் கடிதத்தில் அம்மா வளர்த்துக்கொள்வாள் என்ற வரியைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். என்னை மன்னிக்க வேண்டாம். சீட்டை அவர் மேஜையில் வை.

சபுரா

பீளமேடு
27-11-1958

சபுரா,

இதை நீ முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். யாரால் எதைத் தாங்க முடியும் என்று நீ அங்கே உட்கார்ந்துகொண்டு முடிவு செய்திருக்கிறாய். இந்த வீட்டில் எல்லோரும் எனக்கு அதைத்தான் செய்கிறார்கள். அதற்கு நான் சென்னை வரைக்கும் கடிதம் போட்டிருக்க வேண்டியதில்லை.

சின்ன மாமாவுக்குப் படித்தேன். எனக்கும் விட்டுவிட்டுப் படிக்கத்தான் வாய் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். "மிச்சத்தையும் படி" என்றார். படித்தேன். எழுந்து போனவர் மூன்று நாள் வரவில்லை. கோபிசெட்டிபாளையத்துத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாராம். அந்த மூன்று நாளும் அம்மா, "என்ன சண்டை?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை இல்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

திரும்பி வந்தவர் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார். நான் படியில் நின்று கேட்டேன். "அண்ணா, இதைத் தருவிச்சுப் படிங்க. கடைசி வரைக்கும் படிங்க" என்றார், அவ்வளவுதான். நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

கனகம்

திருவல்லிக்கேணி
15-12-1958

கனகம்,

இன்றைத் தபாலில் கோயமுத்தூரிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. 1956-ம் வருஷத்துக் கட்டுரைக்கு போட்டோஸ்டாட் நகல் வேண்டும், அவசரம். டாக்டர் சீனிவாசலு என்று கையெழுத்து. இந்த மேஜைக்கு வருகிற வேண்டுகோள்களை எடுத்துக் கொடுப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கே அனுப்பிவிட்டேன். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மூன்று தரம் உறையைத் திறந்து பார்த்து ஒட்டினேன்.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். உயிரோடிருக்கிறேன் என்று ஒரே ஒரு கார்டு போடு.

சபுரா

பீளமேடு
22-1-1959

அன்புள்ள சபுரா,

உயிரோடிருக்கிறேன். பெண் குழந்தை. என்னைவிட அம்மா சாயல்தான்.

பெரிய மாமா அந்த ஊசியைப் போடவில்லை. பழையபடி ஈதர் கொடுக்க ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்திருந்தார். டிசம்பர் கடைசியிலேயே என் இரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார், எதற்கு என்று சொல்லாமல். நேற்று முடிவு வந்தது. தம்பிக்கு இல்லாத சத்து எனக்கும் இல்லை. காகிதத்தை என் கட்டிலில் வைத்தார், குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், போய்விட்டார். நீ தேடாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. உன்னைத் திட்டியதற்கு என் நாக்கைத்தான் கடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிழைத்த பிறகு இன்னும் மூச்சு முட்டுகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுகிறார்கள். தனியாகப் போய்விடலாம் என்றால் சின்ன மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. தினம் காலையில் தன் அண்ணனுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கிறாள், அவர் வாங்கிக் குடிக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ எனக்கு மூன்று வாரம் செய்ததை நான் அவளுக்கு ஆயுசுக்கும் செய்துகொண்டிருப்பேன் போலிருக்கிறது.

கனகம்

திருவல்லிக்கேணி
6-8-1960

அன்புள்ள கனகம்,

குழந்தைக்கு அம்மை போட்டதும் பல் முளைத்ததும் எழுதினாய். நான்தான் பதில் போடச் சோம்பினேன். இது அப்படிச் சோம்பி இருக்கிற விஷயமில்லை.

இந்த வருஷத்திலிருந்து அட்டவணை மாதாமாதம் வருகிறது. எது வந்தாலும் முதலில் நம்முடைய அந்தத் தலைப்பைத்தான் திறந்து பார்ப்பேன், பழக்கமாகிவிட்டது. நேற்றுப் பார்த்தால், ஆசிரியர் பெயர் சீனிவாசலு. இந்தியப் பத்திரிகை ஒன்றில் ஒரே ஒரு பக்கம். அந்தப் பத்திரிகை எங்கள் அலமாரியிலேயே நான்கு மாதமாக இருந்திருக்கிறது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். முக்கியமான பகுதி இது:

"நோயாளி ஆண், வயது இருபது. கட்டுரை ஆசிரியரின் சகோதரி மகன். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் நாடி பலவீனமாக, ஆனால் தெளிவாக இருந்தது. அசைவு எதுவும் திரும்பாததால் இனிப் பயனில்லை என்று நான் முடிவு செய்தேன். மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்த மறுத்தார். நாடி நின்றுவிட்டதாக அவரிடம் சொல்லி அவர் கையை விலக்கினேன். நான் சொன்னது உண்மையல்ல. நோயாளியின் சகோதரிக்கும் இதே குறை இருப்பது பின்னர் சோதனையில் தெரிந்தது. இது மருந்தால் மட்டும் நேர்ந்த மரணம் அல்ல. என் தீர்மானத்தால் நேர்ந்தது."

மீதி மருந்தின் அளவு, நேரக் கணக்கு. அதையும் சேர்த்து முழுவதையும் தமிழில் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஒரு வரி விடவில்லை. யாருக்குப் படித்துக் காட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்த முறை நான் சொல்லப் போவதில்லை.

சபுரா

பீளமேடு
21-8-1960

அன்புள்ள சபுரா,

முதலில் சின்ன மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நாடி இருந்தது என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"எனக்குத் தெரியும். மூடியை அழுத்திப் புடிச்சிருந்தேன், தாடைக்கடியில இந்த வெரல்ல தட்டுச்சு. அண்ணன் டாக்டரு. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு உட்டுப்போட்டேன்" என்றார். இரண்டு வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்ததும், "உங்கம்மாவுக்குப் படி" என்றார்.

அம்மா கூடத்தில் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திருவைப் பற்றி ஒரு காகிதம் வந்திருக்கிறது என்றதும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முழுவதையும் படித்தேன். மருந்தின் அளவைக்கூட விடவில்லை.

"அவன் பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"போட மாட்டாங்கம்மா. சகோதரி மகன்னு போட்டிருக்கு."

எழுந்து படியிறங்கி நேராகப் பெரிய மாமாவின் மேஜைக்குப் போனாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நல்லவேளை, நோயாளிகள் யாரும் இல்லை. பெரிய மாமா என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அண்ணா, ஊருக்கெல்லாம் இங்கிலீசுல சொல்லிப்போட்டீங்களாமா. எனக்கு நம்ம தெலுங்குல ஒருக்காச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

பெரிய மாமா எழுந்து நின்றுதான் சொன்னார். ஊசி போட்டதிலிருந்து வரிசையாகச் சொன்னார். நாடி இருந்தது என்று சொல்ல வந்தபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா காத்துக்கொண்டு நின்றாள். அவர் அதையும் சொல்லி முடித்தார். வாசலில் வாளியோடு வந்த மாசாணம் அப்படியே திரும்பிப் போனார்.

அம்மா கேட்டாள்.

"அப்ப, போகமாட்டேன்னவனை நாந்தான் நச்சரிச்சுச் சந்தைக்கு அனுப்பி வெச்சேன். அதனால இல்லீங்களாண்ணா?"

அவன் சந்தைக்குப் போக மாட்டேன் என்று சொன்னதே எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் அவள் அதை ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

"இல்லம்மா. அதனால இல்ல, என்னாலதான்" என்றார் பெரிய மாமா.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை சபுரா.

கனகம்